நெய்வேலி வானத்துக்கு வெப்கேம் போதும்

நெய்வேலியில் இரவு முழுதாக இருட்டுவதில்லை. சுரங்கம் 1, 1ஏ, 2 மூன்றும் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். மூன்று ஷிப்டும் வேலை நடக்கும். ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்களுக்கும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கும் விடிய விடிய விளக்கு வேண்டும். அனல்மின் நிலையங்களின் வெளிச்சம், டவுன்ஷிப் வட்டங்களின் தெருவிளக்கு, காற்றில் மிதக்கும் சாம்பல், மண்தூசி எல்லாம் சேர்ந்து அடிவானத்தைச் சுற்றி வெளிறிய படலம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கின்றன. புதிதாகத் தொலைநோக்கி வாங்கி, வானத்தைப் படம் எடுக்கும் ஆசையோடு நிற்பவர் இதைப் பார்த்ததும் இரண்டு முடிவுக்கு வந்துவிடுகிறார். இந்த ஊரில் ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. விலை உயர்ந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்கோ கொல்லிமலைக்கோ போனால்தான் உண்டு என்பது மற்றொன்று. பால்வீதியையும் நெபுலாக்களையும் எடுக்க நினைப்பவருக்கு இரண்டாவது முடிவு பொருந்தும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் முதலில் கைவைக்க வேண்டியவை அவை அல்ல. நிலா, வியாழன், சனி, செவ்வாய் ஆகியவற்றுக்கு இந்த ஊர் வானமே போதும். அதற்குப் பொருத்தமான கேமராவும் கணினிக் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வெப்கேம்தான். ஏன் அப்படி என்பதையும், எப்படிச் செய்வது என்பதையும் இந்த அத்தியாயம் சேர்த்தே சொல்கிறது. ஏன் என்பது புரிந்துவிட்டால் எப்படி என்பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். நிலா என்பது நட்டநடு வெயிலில் கிடக்கும் பாறை. வியாழனும் சனியும் சூரியனிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தாலும் அவையும் வெயிலில்தான் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுக்க விநாடியில் முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவான நேரமோ ஒளியை வாங்கினால் போதும். அந்தச் சிறு பொழுதில் வானத்தின் வெளிறல் சென்சாரில் பதிவதே இல்லை. நெபுலாவுக்கு நிமிடக்கணக்கில் கேமராவைத் திறந்து வைக்க வேண்டியிருப்பதால்தான் அங்கே தெருவிளக்கு எமனாகிறது. தூசி மட்டும் என்ன செய்யும்? கொஞ்சம் ஒளியைக் குடிக்கும். அதைக் கேமராவின் கெய்னைச் சற்று ஏற்றிச் சமாளித்துவிடலாம். கோள் படத்தைக் கெடுப்பது காற்றின் கலங்கல் அல்ல, காற்றின் நடுக்கம். இந்த இரண்டும் வேறு வேறு. மழை பெய்து ஓய்ந்து, நட்சத்திரங்கள் பளிச்சென்று மின்னும் இரவு கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்த மினுமினுப்பே காற்று நடுங்குவதற்கு அடையாளம். காற்றசைவின்றிப் புழுக்கமாக, லேசாகப் புகைமூட்டம் போர்த்திய இரவில் நட்சத்திரங்கள் மங்கலாக ஆனால் அசையாமல் நிற்பதைக் கவனித்தால், தொலைநோக்கியை வெளியே எடுக்க வேண்டிய இரவு அதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நடுக்கத்தை வெல்வதில்தான் வெப்கேமின் சூட்சுமம் இருக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காட்சி நெளிவது எதனாலோ, தொலைநோக்கியில் வியாழன் நெளிவதும் அதனால்தான்: சூடும் குளிர்ச்சியுமாகக் கலந்த காற்று ஒளியை இங்குமங்கும் வளைக்கிறது. ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால் எந்தக் கணம் சிக்குமோ தெரியாது. விநாடிக்கு முப்பது படம் வீதம் வீடியோ எடுத்தால், நெளிவு தற்செயலாக அடங்கிய கணங்களும் அதில் இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்க ஒளியியலாளர் 1978-இல் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார். ஒளியலை பெரிதாகக் கலையாமல் கடந்துவரும் காற்றுத் துண்டின் அகலத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் சாதாரண இரவில் அது சில சென்டிமீட்டர்தான். தொலைநோக்கியின் விட்டம் அதைப்போல் நான்கு மடங்கு என்றால், எடுக்கும் ஃபிரேம்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நன்றாக அமையும். ஆறு மடங்கு என்றால் நூற்றில் இரண்டு. பத்து மடங்கு என்றால் பத்து லட்சத்தில் ஒன்று! பெரிய தொலைநோக்கி இல்லையே என்று ஏங்குபவர் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம். காற்றுத் துண்டு 4 செ.மீ. இருக்கும் இரவில் 15 செ.மீ., அதாவது 6 அங்குல, தொலைநோக்கிக்காரருக்கு நல்ல ஃபிரேம் கொட்டிக் கிடக்கும். 16 அங்குலக்காரர் தவம் கிடக்க வேண்டும்.

உலகெங்கும் அமெச்சூர்கள் இதைக் கண்டுகொண்டது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். பிலிப்ஸ் நிறுவனம் வீட்டுக் கணினிகளில் முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்ற டூயுகேம் ப்ரோ என்ற வெப்கேமில் 640×480 பிக்சல் கொண்ட சிறிய சிசிடி சென்சார் இருந்தது. லென்ஸைக் கழற்றிவிட்டு ஐபீஸ் இருக்கும் இடத்தில் அதைச் செருகினார்கள். நெதர்லாந்தின் கோர் பெரவோட்ஸ் எழுதிய ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் நல்ல ஃபிரேம்களைப் பொறுக்கி அடுக்கும் வேலையைச் செய்தது. வியாழனின் மேகப் பட்டைகளும் சனி வளையத்தின் காசினி இடைவெளியும் வீட்டுக் கொல்லையிலிருந்தே படமாயின. பிற்பாடு வந்த விலை உயர்ந்த கோள் கேமராக்கள் எல்லாம் இந்த வெப்கேம் வழியையே செம்மைப்படுத்தியவை.

நெய்வேலிக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. அது பூமியில் நம் இடம் கொடுத்தது. ஊரின் அட்சரேகை சுமார் 11½ பாகை வடக்கு. கோள்கள் வான நடுவரையிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 23½ பாகைக்குள்தான் உலவும். ஆகவே எவ்வளவு தெற்கே போனாலும் ஒரு கோள் தன் உச்ச உயரத்துக்கு வரும்போது நமக்கு அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்திலாவது நிற்கும். அதே கோள் லண்டன்காரருக்கு 15 பாகைக்கு மேல் எழும்பாது. அவர் நான்கு மடங்கு தடித்த காற்றின் வழியே பார்க்க வேண்டும். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் ஜவ்வாது மலையின் காவலூரை ஆய்வகத்துக்குத் தேர்ந்தபோது, தென்வானமும் வடவானமும் ஒருசேரக் கிடைக்கும் இந்தத் தாழ்ந்த அட்சரேகையும் அதன் சிறப்புகளில் ஒன்றாக இருந்தது. அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கிடைக்கும் மலைக்காற்றும் இருட்டும் நமக்கு இல்லை. ஆனால் கோள்களின் உயரத்தில் காவலூருக்கும் நெய்வேலிக்கும் ஒரு பாகைதான் வித்தியாசம்.

இந்தக் கொடுப்பினையோடு ஒரு சின்னத் தொல்லையும் வருகிறது. டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியில் நேர் உச்சியில் இருக்கும் பொருளைப் பின்தொடர்வது கஷ்டம். குழாய் செங்குத்தாக நிற்கும், லேசாகத் திருப்ப நினைத்தால் அடிப்பெட்டியையே சுற்ற வேண்டியிருக்கும். கோள் உச்சியைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ எடுத்தால் உயரமும் கிடைக்கும், தொல்லையும் இல்லை. ஈக்குவட்டோரியல் தாங்கி வைத்திருப்பவருக்கு வேறு கவலை: அதன் அச்சை நேராக்க உதவும் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 11½ பாகையில், வேப்பமரத்துக்கும் புகைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். நெபுலா எடுப்பவர் அதைக் காணாமல் தவிக்கலாம்; வெப்கேமில் ஒரு நிமிட வீடியோ எடுப்பவருக்கு, திசைகாட்டியை வைத்து அச்சை உத்தேசமாக வடக்கே திருப்பினாலே தாராளம்.

இனி கைவேலை. லென்ஸ் திருகிக் கழற்றக்கூடிய வெப்கேமாகப் பார்த்து வாங்குங்கள். லாஜிடெக் சி270 போன்ற 1280×720 கேமரா இதற்குப் பலரும் பயன்படுத்துவது. மேலுறையைத் திறந்து லென்ஸைக் கழற்றியதும் சென்சார் வெறுமையாக நிற்கும். அதன்மேல் விரல் படக்கூடாது, வாயால் ஊதவும் கூடாது. ரப்பர் ஊதுகுமிழ் போதும். பல கேமராக்களில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடித் துண்டு லென்ஸோடு சேர்ந்தே வந்துவிடும். அது போய்விட்டால் நிறங்கள் ஊதாச் சிவப்பாக அடிக்கும். லென்ஸ் வகைத் தொலைநோக்கியில் கூர்மையும் கெடும். தனியாக விற்கும் 1.25 அங்குல ஐஆர்-கட் ஃபில்டரை முன்னால் மாட்டினால் சரியாகிவிடும். அந்தத் துண்டு சென்சாரோடே ஒட்டியிருந்தால் அதை நோண்டாதீர்கள். ஐபீஸ் குழலின் விட்டம் 31.75 மி.மீ. பிளம்பிங் கடையில் 32 மி.மீ. பிவிசி குழாயில் மூன்று அங்குலத் துண்டு வாங்கி, ஒரு முனையை உப்புத்தாளால் சீராகத் தேய்த்தால் ஃபோகசரில் கச்சிதமாக உட்காரும். மறுமுனையை வெப்கேமின் முகத்தில், சென்சார் குழாயின் நடுமையத்தில் வரும்படி வைத்து எம்-சீல் போட்டு ஒட்டுங்கள். ஃபில்டர் மாட்ட வேண்டியிருந்தால் இந்தக் குழாய்க்குப் பதில் திருகு மரையுள்ள உலோக அடாப்டர் வாங்கிவிடுவது நல்லது. கேமராவில் எரியும் சிறு விளக்கைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள். பழைய ஸ்டுடியோக்களில் கிடக்கும் ஃபிலிம் டப்பாவும் ஏறத்தாழ இதே விட்டம்தான். டூயுகேம் காலத்தில் அதைத்தான் வெட்டிச் செருகினார்கள்.

எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள 6 அங்குலத் தொலைநோக்கியில், 2.8 மைக்ரான் பிக்சல் உள்ள வெப்கேம் ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.48 விகலை அளக்கும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. வியாழன் நம்மை நெருங்கியிருக்கும்போது அதன் அகலம் ஏறக்குறைய 46 விகலை. ஆக, திரையில் 96 பிக்சல். பிம்பத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் 190 பிக்சல். ஆறு அங்குலத் தொலைநோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய விவரம் 0.77 விகலை என்பதால், அதற்குமேல் பெரிதாக்குவது மங்கலைப் பெரிதாக்குவதே. ஐந்து மடங்கு பார்லோ வாங்கச் சொல்லும் விளம்பரங்களை இந்த ஒரு கணக்கு தள்ளுபடி செய்துவிடும். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் வானம் விநாடிக்கு 15 விகலை நகரும். பார்லோவோடு கோள் திரையைக் கடக்க 20 விநாடிதான். கோளைத் திரைக்குச் சற்று வெளியே நிறுத்தி, பதிவைத் தொடங்கி, அது தானே உள்ளே வந்து கடந்துபோக விடுங்கள். மறுபடி பிடித்து மறுபடி விடுங்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களை ஒன்றாக அடுக்கினால் விவரம் இழுபடும். அதற்குள் எத்தனை முறை கடக்கவிட முடியுமோ அத்தனையும் லாபம். இப்படிக் கோள் கடந்துபோகும் வீடியோக்களில் அதை நடுவில் நிறுத்தி ஒன்றுசேர்க்க பிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

பதிவு செய்ய ஷார்ப்கேப்பின் இலவசப் பதிப்பே போதும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால் அதுவே இந்த வேலையைத் தாங்கும். டிஸ்க்கில் இடம் மட்டும் வேண்டும், ஏனென்றால் 640×480 அளவில் சுருக்காத வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். சுருக்காத வீடியோவை, அதாவது ஒய்யுஒய்2 வடிவத்தை, தேர்ந்தெடுங்கள். எம்ஜேபெக் வடிவம் கோளின் மெல்லிய நிறபேதங்களைக் கட்டம் கட்டமாக நசுக்கிவிடும். யுஎஸ்பி 2.0 வழியில் 1280×720 அளவைச் சுருக்காமல் விநாடிக்கு முப்பது படம் அனுப்ப முடியாது, பத்துக்குப் பக்கமாக இறங்கும். சரி, 640×480-க்கு மாறலாம் என்றால் அதிலும் ஒரு பொறி உண்டு: சில வெப்கேம்கள் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தராமல் முழுப் பரப்பையும் சுருக்கித் தரும், கோள் பாதியாகிவிடும். பகலில் தூரத்து நீர்த்தொட்டியையோ புகைபோக்கியையோ இரண்டு அளவிலும் எடுத்துப் பார்த்து, உங்கள் கேமரா எந்த ரகம் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள். திரையில் பெரும்பகுதி கறுப்பு என்பதைப் பார்த்ததும் கேமரா இருட்டறை என்று நினைத்து ஒளியை ஏற்றும். வியாழன் வெள்ளை உருண்டையாகிவிடும். “வெப்கேமில் கோள் வராது” என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு பொத்தானைத் தொடாதவர்கள். ஃபோகஸுக்கு அவசரம் கூடாது. அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரத்தில், அட்டையில் வரிப்பிளவுகளாக வெட்டிய பாட்டினோவ் முகமூடியைக் குழாயின் வாயில் வைத்து, அது காட்டும் மூன்று ஒளிக்கோடுகளும் ஒரே மையத்தில் சந்திக்கும்வரை திருகுங்கள்.

அடுக்குவதற்கு ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ். அடுக்குவதன் பலன் கணக்கில் அடங்கியது: 400 ஃபிரேம் அடுக்கினால் இரைச்சல் இருபதில் ஒரு பங்காகும், ஏனென்றால் 400-இன் வர்க்கமூலம் 20. மலிவு சென்சாரின் குறையில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது. கூர்மையாக்குவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். ரெஜிஸ்டாக்ஸின் அலைவடிப்பான் (வேவ்லெட்) பட்டைகளை இழுக்க இழுக்கப் படம் உயிர்பெறுவது போலிருக்கும். ஓர் எல்லைக்குமேல் கோளின் விளிம்பில் இல்லாத வளையமும் நிலாவில் இல்லாத மேடும் முளைக்கும். ஒரே இரவில் எடுத்த இரண்டு தனி வீடியோக்களை ஒரே அளவில் கூர்மையாக்கி அருகருகே வையுங்கள். இரண்டிலும் உள்ளது பெரும்பாலும் கோளில் உள்ளது; விளிம்பு வளையம் மட்டும் இரண்டிலும் முளைக்கலாம். ஒன்றில் மட்டும் உள்ளது மென்பொருள் வரைந்தது.

வெப்கேமுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் வலுவானவை இரண்டு. எல்லோர் கையிலும் இதைவிட நல்ல சென்சாருள்ள மொபைல் இருக்கும்போது வெப்கேம் எதற்கு என்பது முதலாவது. முழு நிலாவை ஒரே படத்தில் எடுக்க மொபைல்தான் உசத்தி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் வெப்கேமுக்குள் நிலாவின் மூன்றிலொரு பங்கு அகலம்தான் அடங்கும். துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஆனால் கோளுக்கு வரும்போது மொபைல், ஐபீஸ் வழியாகவும் தன் சொந்த லென்ஸ் வழியாகவும் பார்க்கிறது. அதன் எடை மலிவுத் தொலைநோக்கியின் ஃபோகசரைத் தொங்கவைக்கிறது. எடுத்த காட்சியைத் தன்னிஷ்டத்துக்கு மெருகேற்றிச் சுருக்கித் தருகிறது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் காட்டி எடுத்தபோது, அதில் இல்லாத விவரங்களை ஒரு பிரபல மொபைல் சேர்த்துத் தந்தது 2023-இல் பெரிய சர்ச்சையானது. தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அழகான படம் மட்டும் நோக்கமல்ல, தான் பார்த்ததுதான் படத்தில் இருக்கிறது என்ற உறுதியும் வேண்டும். வெப்கேம் அசடு, தன் பங்குக்கு எதையும் சேர்க்கத் தெரியாது. இரண்டாவது, சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுத்தால் இதற்கென்றே செய்த கோள் கேமரா வாங்கலாமே என்பது. வாங்கலாம். அது சுருக்காத படத்தை வேகமாகத் தரும், தேவையான பகுதியை மட்டும் வெட்டித் தரும். வெப்கேம் அதற்கு ஈடாகாது. ஆனால் படம் கெடுவதற்கான காரணங்களைப் பலம் பார்த்து வரிசைப்படுத்தினால் முதலில் காற்று, பிறகு ஃபோகஸ், பிறகு கண்ணாடிகளின் சீரமைவு, பிறகு ஆடும் தாங்கி. கேமரா கடைசியில் வருகிறது. முன்னே நிற்கும் நான்கையும் கற்றுக்கொள்ள ஆயிரம் ரூபாய்க் கேமராவே போதும், அவை சரியாகும்வரை பத்தாயிரம் ரூபாய்க் கேமராவும் அதே மங்கலைத்தான் காட்டும்.

இடத்தையும் காலத்தையும் பற்றிக் கொஞ்சம். மொட்டை மாடி வானம் திறந்தது என்று ஆசை காட்டும். பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவுவரை தளம் கக்கிக்கொண்டிருக்கும், அந்த வெப்பம் குழாயின் வாய்க்கு முன்னாலேயே நெளியும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வீட்டைச் சுற்றி மண்ணும் புல்லும் இருப்பது பெரிய வரம். மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் கொஞ்சம் திறப்பு இருந்தால் தரையே மேல், நம் கோள்கள்தான் உயரத்தில் வருகின்றனவே. அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களும் புகைபோக்கிகளும் இருக்கும் திசையில் கோள் தாழ்ந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கோளை விட்டுவிடுங்கள். தொலைநோக்கியை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் கண்ணாடியை ஆறவிடுங்கள். வேலை முடிந்ததும் உடனே மூடிவிடுங்கள். இந்த ஊர்ச் சாம்பல்தூசி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். பகலில் சூரியன் பக்கம் திருப்புவதானால் குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய ஃபில்டர் கட்டாயம். பின்னால் கேமராதானே இருக்கிறது என்று நினைத்தால் சென்சார் ஒரு கணத்தில் கருகிவிடும், கண்ணை வைத்தால் கண்ணே போய்விடும்.

கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கே உரியவை. சனி 2026-இல் அக்டோபர் 4-ஐ ஒட்டிச் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. 2025-இல் விளிம்பை மட்டும் காட்டிய அதன் வளையம் மெல்ல விரிந்துகொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். நம் ஊருக்கென்றே அமைந்தது போன்றது 2027 பிப்ரவரி. மழை ஓய்ந்த தை, மாசி வானத்தில், 10-ஆம் தேதியை ஒட்டி வியாழனும் 19-ஆம் தேதியை ஒட்டிச் செவ்வாயும் நேரெதிருக்கு வருகின்றன. இரண்டும் நள்ளிரவில் நெய்வேலியின் உச்சிக்கு நாலைந்து பாகைக்குள் நிற்கும். செவ்வாய் அப்போது 14 விகலைக்கும் குறைவுதான், பார்லோவோடு 60 பிக்சலைத் தொடாது. துருவப் பனித்தொப்பி தெரிந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழனுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்குள் வளர்பிறை நாட்களில் நிலாவின் ஒளி-இருள் எல்லையை எடுத்து ஃபோகஸிலும் அடுக்குவதிலும் கை பழகிவிடுங்கள்.